அத்தை மக்கவைத்த மண்

குப்பைக்குள் கை விட்டால் சுடும் என்று சொன்னால் இப்போதுள்ள பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்கள் நீங்கள். எருக்குழியில் கம்பியைச் செருகி, உருவி, சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தவர்களை நாம்தான் கண்ணால் கண்டிருக்கிறோம். அதனால் இதை உங்களிடம் சொல்லத் தோன்றியது.

போன மாதம் நகராட்சி உரக்கூடத்திலிருந்து ஒரு பை உரம் கொண்டுவந்தேன். இராஜபாளையத்தில் வீட்டுக்கு வீடு வெட்டுகிற வேலித் தழை, புல், உதிர்ந்த வேப்பிலை எல்லாவற்றையும் அங்கே சேர்த்து மக்கவைத்துக் கொடுக்கிறார்கள். மாடியில் தொட்டியில் நிற்கிற கறிவேப்பிலைக்குப் போடலாம் என்று பையைப் பிரித்தேன். உள்ளே வெதுவெதுப்பு இன்னும் அடங்கவில்லை. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் ஓடிவந்து, "என்ன அத்தை, தலை சுத்துதா?" என்றாள். தலை சுற்றவில்லை. அந்த நேரத்தில் அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டதுதான் பொறுக்கவில்லை. எனக்கு அத்தை என்றால் ஒருத்திதான்.

அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். மில்லுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டு, சங்கு ஊதினால் படுக்கிற வாழ்க்கை. வேப்பிலையில்கூடப் பஞ்சு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அம்மா சோற்றுப் பானையைத் திறந்தால் முதலில் ஊதுவாள், பிறகுதான் அகப்பையை விடுவாள்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. வத்திராயிருப்புப் பக்கம் மகாராஜபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தென்னையும் நெல்லும் உள்ள குடும்பம். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். ஆனால் அத்தை புதுப்பெண் இல்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டியிருந்தது. ஒரு பெண்பிள்ளை பிறந்து, அது பல் முளைக்கும் முன்னாலேயே காய்ச்சலில் போயும்விட்டது. இருந்தும் அந்த வருஷம் ஆடிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். கூட வந்தது மாமாவின் அம்மா. காபியைக் குடித்து முடித்து, "ஆடி போகட்டும், பொறவு வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனார். ஆவணி வந்தது, ஆள் வரவில்லை. புரட்டாசியும் வந்தது.

ஏன் வரவில்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் வெகுநாள் கழித்து அத்தை வாயாலேயே தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பல் முளைக்காத பிள்ளையை நம் பக்கம் எரிப்பதில்லை, புதைப்பார்கள். அந்தப் பிள்ளையைத் தோப்பின் ஓடையோர மூலையில் புதைத்திருந்தார்கள். புதைத்த இடத்தில் தாய் கையால் ஒரு மாங்கன்று நட வேண்டும், கன்று பிழைத்தால் அடுத்த பிள்ளை தங்கும் என்பது அந்த வீட்டு நம்பிக்கை. ஊருக்கெல்லாம் உள்ள வழக்கம் இல்லை, அந்த ஒரு வீட்டு வழக்கம். அத்தை நட்டாள். கோடை வெயிலில் கன்று பட்டுப்போனது. அது முழுக்க ஓடைக்கல் கிடந்த இடம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. அவள் கை ராசியில்லாத கை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

லைன் வீடுகளுக்கு முன்னால் மேனேஜர் பங்களா. அதைச் சுற்றி ஆள் உயர மருதாணி வேலி, உள்ளே புல்தரை, புல்தரை ஓரத்தில் ரோஜாப் பாத்தி. சனிக்கிழமைதோறும் தோட்டக்காரர் பெரிய கத்தரியால் வேலியைச் சமமாக வெட்டுவார், புல்லை அறுப்பார். வெட்டிய தழையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பின்பக்கம் கொட்டித் தீ வைப்பார். பச்சைத் தழை எரியாது, புகையும். அந்தப் புகை கொடியில் காய்கிற துணி, குடத்துத் தண்ணீர், படுக்கை எல்லாவற்றிலும் ஏறும். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பங்களாப் புகை, அதனால் அதுவும் பெரிய இடத்துப் புகை.

ஒரு சனிக்கிழமை தோட்டக்காரர் தீப்பெட்டியை எடுத்தபோது அத்தை வெளியே வந்தாள். வந்த நாளிலிருந்து அவள் வெளி ஆளிடம் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அண்ணாச்சி, கொளுத்தாதிய. இந்தப் பள்ளத்துல தட்டிட்டுப் போங்க."

"ஒனக்கு எதுக்கு தாயி குப்பை?"

"வேணும்."

தோட்டக்காரருக்கு ஒரு வேலை மிச்சம். தட்டிவிட்டுப் போனார்.

அந்தப் பள்ளம் லைன் வீடு கட்டும்போது சுண்ணாம்பு குழைத்தது. அடியில் காய்ந்து கிடந்த சுண்ணாம்புப் பொருக்கை அத்தை கடப்பாரையால் பெயர்த்து எடுத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு பள்ளத்தில் நின்ற அவளைப் பார்க்க எனக்குப் புதுசாக இருந்தது. அதுவரை அவளைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறவளாகத்தான் தெரியும். குச்சிகளை அரிவாளால் துண்டாக்கிப் போட்டாள். ஒரு அடுக்குப் பச்சைப் புல், ஒரு அடுக்குக் காய்ந்த சருகு, அதன்மேல் சாணிக் கரைசல், ஒரு கை பழைய மண். மறுபடியும் புல். பச்சையை மட்டும் போட்டால் கொழகொழவென்று நாறிவிடும், சருகை மட்டும் போட்டால் வருஷம் ஆனாலும் அப்படியே கிடக்கும் என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்வாள். மாமனார் வீட்டு எருக்குழியில் பார்த்தது பாதி, ரேடியோவில் விவசாய நிகழ்ச்சியில் கேட்டது பாதி.

சாணி பொறுக்குவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வண்டிமாடு போன தடத்தைப் பார்த்துக்கொண்டே வருவேன். கூட வருகிற பிள்ளைகள் என்னைச் "சாணி" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. அத்தை என்னிடம் மட்டும் பேசினாள், அதுதான் காரணம்.

பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அக்கா இருந்தாள். பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனியில் வேலை. தறியில் கழிந்த துண்டுத் துணியும் கரைத் துணியும் அவள் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும். அதுதான் அவள் வீட்டில் கரித்துணி, விளக்குத் திரி, பிள்ளை துடைக்கிற துணி எல்லாம். மழை தொடங்கிக் காய்ந்த சருகு கிடைக்காமல் போனபோது அத்தை அவளிடம் கேட்டாள்.

"குப்பைல போடவா? ராமா ராமா! துணி மக்குமா?"

"பஞ்சுதானக்கா. மண்ணுல வெளஞ்சதுதான, மண்ணுக்குப் போகும்."

அக்கா ஒரு பொதி கொடுத்தாள். வெள்ளைத் துணி அடுக்கடுக்காகக் குழிக்குள் போனது.

அந்த ஆடியில் நான் கடைசியாகத் தின்ற சப்பட்டை மாம்பழத்துக் கொட்டையை அத்தை எடுத்துக் கழுவி, கழித்துப்போட்ட எண்ணெய் டின்னில் மண் நிரப்பிப் புதைத்து வைத்திருந்தாள். புரட்டாசியில் அது செம்பு நிறத்தில் தளிர் விட்டது. குழியில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவி என் கையில் கொடுத்து, "சுடுதா?" என்று கேட்பாள். சுடும். "நல்லது. வேல நடக்கு" என்பாள். ஒருநாள், "இது எல்லாம் எதுக்கத்தை?" என்று கேட்டேன். டின்னைக் காட்டி, "இதுக்கு" என்றாள். நான் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "ஒத்த மாங்கன்னுக்கு அம்புட்டுக் குப்பையா?" என்று அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அம்மாவுக்கு அத்தை புத்தி பேதலித்துவிட்டாளோ என்று பயம். சாமியாடியிடம் கூட்டிப்போய்க் கயிறு மந்திரித்துக் கட்டினாள். அத்தை மறுக்காமல் கையை நீட்டினாள். அப்பா, "எதையாச்சும் செஞ்சுக்கிட்டுக் கெடக்கட்டும், அழாம இருந்தாச் சரி" என்பார். இரண்டு பேருமே நல்லவர்கள்தான். இரண்டு பேருமே அவளிடம் வந்து, என்னம்மா செய்கிறாய் என்று கேட்கவில்லை.

கார்த்திகையில் வன்னியம்பட்டியிலிருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். மாமாவுக்கு வேறு பெண் முடிவாகிவிட்டது, தையில் கல்யாணம். அம்மா அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தை அழவில்லை. அன்று குழியைக் கிளறிப் புரட்ட வேண்டிய நாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும் புரட்டி, தண்ணீர் தெளித்து, சாக்கைப் போட்டு மூடிவிட்டு வந்து கை கழுவினாள். அவள் மாமாவுக்காகக் காத்திருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

மார்கழியில் குளிர் இறங்கியதும் விடிகாலையில் குழியிலிருந்து ஆவி எழும்பத் தொடங்கியது. சாக்கின் இடுக்கு வழியாக இட்லிக் கொப்பரையிலிருந்து வருவதுபோல வரும். முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? மில் வாசலில் ஒருத்தன் அப்பாவிடம் கேட்டுவிட்டான்: "என்ன ஃபிட்டரே, வீட்டுக்குப் பின்னால ஊறல் போட்டிருக்கியளாம்?"

சாராய ஊறல். சும்மா கேலிதான். ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அது சும்மா இல்லை. அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டு. தாத்தா பட்டாளத்துக்காரர். போலீஸ்காரர் தம்பி வீட்டில் ஊறல் என்று ஒரு சொல் கிளம்பினால் போதும். அப்பா முகம் கறுத்து வீட்டுக்கு வந்தார். மறுநாள் பஸ்ஸில் பெரியப்பா வந்து இறங்கினார், கையில் லத்தியோடு.

வந்தவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராகப் பின்பக்கம் போனார். பானை ஏதும் தட்டுப்படுகிறதா என்று லத்தியைக் குழிக்குள் விட்டுக் குத்தினார். பானை இல்லை. லத்தி நுனியில் நீளமாக ஒரு வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்தது. ஈரமாக, ஆவி பறக்க, கருப்புத் திட்டுகளோடு. அவருக்கு எங்கள் ஊர்த் துணிக்கழிவு பழக்கமில்லை. அவர் பார்த்ததெல்லாம் வேறு துணிகள், வேறு குழிகள். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அத்தை பக்கம் திரும்பினார்.

"ஏட்டி, இதுக்குள்ள எதப் பொதச்சு வச்சிருக்க?"

பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் கேட்ட கேள்வி அது. எந்தக் கேள்வி கேட்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்காது. அத்தை அவரையே பார்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பேண்டேஜ் கம்பெனி அக்கா பதறிப்போய்க் கத்தினாள். "அண்ணா, அது நான் குடுத்த துணி அண்ணா! கம்பெனி வேஸ்ட்டு! இங்க பாருங்க, எங்க வீட்ல எம்புட்டுக் கெடக்குன்னு!" ஒரு கத்தை வெள்ளைத் துணியைத் தூக்கிக் காட்டினாள்.

பெரியப்பா லத்தியை உதறினார். இரண்டு பக்கத்து வீட்டு ஆட்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பாக நினைத்துவிட்டேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் காக்கிச் சட்டை போட்டுப் பழகியவருக்கு அந்தச் சொல் எங்கிருந்து வரும்? "என்னவா இருந்தாலும் சரி. பொம்பளப்பிள்ள இருக்க வீட்டுல இந்தக் கண்றாவி வேண்டாம். மூடிருங்க" என்று தம்பிக்கு உத்தரவு போட்டார். "நாலு நாள் எங்க வீட்டுல இருக்கட்டும், மார்கழி மாசம் கோயிலுக்குப் போயிட்டு வந்தா மனசு தெளியும்" என்று அத்தையையும் அன்றே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு, மாங்கன்று டின்னை என்னிடம் காட்டி, "தண்ணி ஊத்து" என்று மட்டும் சொன்னாள்.

அண்ணன் சொல்லைத் தட்டி அப்பாவுக்குப் பழக்கமில்லை. மறுநாளே தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் குழியைக் காலி செய்தார். வெட்டி எடுத்தபோது தோட்டக்காரர் வாயைப் பிளந்தார். மேலே மக்காமல் கிடந்த துணியை ஒதுக்கியதும், அடியில் இருந்தது காபித்தூள்போல உதிர்ந்தது. மருதாணியும் இல்லை, புல்லும் இல்லை, துணியும் இல்லை. எல்லாம் ஒரே கருப்பு. முதல் மழைக்கு எழும்பும் வாசம். "சும்மாவா எறியப் போறிய, பங்களா ரோசாவுக்குப் போடுதேன்" என்றார். அப்பாவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. மேனேஜர் சந்தோஷப்படுவார். தள்ளுவண்டி வண்டியாகப் போய் ரோஜாப் பாத்தியில் விழுந்தது. பள்ளத்தைச் செம்மண் போட்டு மூடி, அப்பாவே காலால் மிதித்துச் சமப்படுத்தினார்.

அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பியது ஒரு மத்தியானம். கையில் துளசி இருந்தது. வீட்டுக்குள் வந்து என்னைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், பின்வாசலுக்குப் போனாள். அம்மா பின்னாலேயே ஓடினாள். செம்மண் மேல் நின்றுகொண்டு அத்தை கேட்டாள்.

"எங்க மதினி போச்சு?"

"ஒங்க அண்ணந்தான் தாயி... பெரியவுக சொல்லிட்டாகன்னு... மேனேஜர் வீட்டு ரோசாவுக்குக் குடுத்துட்டாக. போகட்டும், குப்பைதான."

அத்தை அந்த மண்மேலேயே உட்கார்ந்தாள். சத்தம் போடவில்லை. பக்கத்தில் இருக்கிற ஆளுக்குக் கேட்கிற அளவில்தான் பேசினாள். அந்தக் குரல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"மதினி, எம்பிள்ள கெடக்க எடம் ஒரே கல்லு. நட்ட கன்னுக்கு வேர் எறங்கல. பட்டுப்போச்சு. மண்ணு கொண்டுபோயிப் போட்டு இன்னொரு கன்னு வைக்கலாம்னுதான் வச்சிருந்தேன். பச்ச மண்ணுக்குப் பக்கத்துல ஒரு நெழல் வேண்டாமா?"

பிறகு, "எதுக்குன்னு ஒருத்தரும் என்னக் கேக்கலயே" என்றாள்.

அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்து வீட்டு அக்கா சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டாள்.

ஷிப்டு முடிந்து வந்த அப்பாவிடம் அம்மா சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். தட்டில் போட்ட சோறு காய்ந்தது. விடிகிற நேரத்தில் என்னை எழுப்பி, "சாக்கப் பிடிக்க ஆள் வேணும், வா" என்றார். மில்லிலிருந்து கொண்டுவந்த காலிச் சாக்குகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பங்களாவின் பின்கேட்டுக்குப் போனோம்.

தோட்டக்காரர் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா விஷயத்தைச் சொன்னதும் முதலில் அவர் மறுத்தார். "அய்யா எந்திரிச்சு வந்து பாத்தா நான் என்ன சொல்லுவேன்? ஒங்களுக்கும் வேல போயிரும், எனக்கும் போயிரும்." அப்பா அவரிடம் கெஞ்சவில்லை. "செத்துப்போன பிள்ளைக்குண்டானதுய்யா இது. ரோசாவுக்குப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குனிந்து கையாலேயே அள்ள ஆரம்பித்தார். தோட்டக்காரர் குழாயைக் கீழே போட்டுவிட்டு அடுத்த பாத்தியில் உட்கார்ந்தார்.

எவ்வளவு அள்ளினாலும் மண்ணில் கலந்தது கலந்ததுதான். முக்கால்வாசி வந்தது. ரோஜா முள் அப்பாவின் முழங்கையெல்லாம் கிழித்துவிட்டது. சாக்கில் உதிர்ந்த இதழ்களும் சேர்ந்து கிடந்தன. எங்கள் அப்பா பயந்த சுபாவம் உள்ளவர். சூப்பர்வைசர் இருமினால்கூட எழுந்து நிற்பார். அந்த அப்பா மேனேஜர் வீட்டுப் பாத்தியைச் சுரண்டிக்கொண்டு இருந்தார். வீட்டுக்கு வந்து அத்தை முன்னால் மூட்டைகளை இறக்கினார். மன்னித்துக்கொள் என்று சொல்ல அவருக்குத் தெரியாது. "கட்டி இருந்தா நொறுக்கிக்க" என்றார். அந்த ரோஜாக்கள் அந்த வருஷம் சரியாகப் பூக்கவில்லையாம். மேனேஜர் பூச்சிமருந்து அடிக்கச் சொன்னார் என்று தோட்டக்காரர் பின்னால் வந்து சொன்னார்.

மார்கழியில் கன்று வைக்கக் கூடாது. பொங்கல் முடியட்டும் என்று காத்திருந்தாள். வீட்டு முகப்பில் காப்புக் கட்டிய வேப்பிலையையும் ஆவாரம்பூவையும் இறக்கி அதையும் கிள்ளிச் சாக்கில் போட்டாள். அப்பா, அத்தை, நான் மூன்று பேரும் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி வத்திராயிருப்புப் பஸ் பிடித்தோம். சாக்குகள் பஸ் கூரையில். மாங்கன்று டின் அத்தை மடியில். பஸ் குலுங்கும்போதெல்லாம் தளிரைக் கையால் அணைத்துக்கொண்டாள். முன்சீட்டில் ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்து, "கைப்பிள்ளயாட்டம் வச்சிருக்கியே தாயி" என்று சிரித்தாள். அத்தையும் லேசாகச் சிரித்தாள்.

மாமா வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டிருந்தது. நாங்கள் வீட்டுக்குள் போகவில்லை, தோப்பு வழியாக நேரே ஓடையோரம் போனோம். மாமாவின் அம்மா பின்னாலேயே விரைந்து வந்தார். "கல்யாண வீட்டுல வந்து என்னத்துக்கு இப்ப? ஒரு தடவ வச்சதுதான் பட்டுப்போச்சே. நல்ல காரியம் நடக்கப்போற நேரத்துல..."

"நான் ஒங்க வீட்டுக்கு வரலத்தை. எம்பிள்ளைகிட்ட வந்திருக்கேன்" என்றாள் அத்தை.

அப்பா கடப்பாரை கொண்டுவரவில்லை, மறந்துவிட்டார். கையால் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அப்போது தென்னைகளுக்கு நடுவிலிருந்து மாமா வந்தார். தோளில் கடப்பாரையும் கையில் மண்வெட்டியும் இருந்தன. யார் முகத்தையும் பார்க்கவில்லை. குழியைத் தோண்ட ஆரம்பித்தார். பிள்ளையைத் தொந்தரவு செய்யாமல் தலைமாட்டில், கல் கல்லாகப் பெயர்த்து வெளியே எறிந்தார். கடப்பாரை கல்லில் படும்போது தீப்பொறி தெறித்தது. அவருடைய அம்மா கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவர் திரும்பாததால் போய்விட்டார்.

குழி ஆழமானதும் அத்தை சாக்குகளை அவிழ்த்தாள். ரோஜா இதழ், வேப்பிலை, ஆவாரம்பூ எல்லாம் கலந்த அந்தக் கருப்பு மண்ணைக் கையால் அள்ளி அள்ளிப் போட்டாள். டின்னைக் கவிழ்த்துக் கன்றை எடுத்து நடுவில் வைத்து, சுற்றிலும் அமுக்கினாள். மாமா அப்போதுதான் வாய் திறந்தார்.

"செத்த நேரம் இரு. தண்ணி கொண்டாரேன்."

இரண்டு குடம் கொண்டுவந்து ஊற்றினார். குடத்தை வைத்துவிட்டு நின்றார். அத்தை எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வாரேன்" என்றாள். போறேன் என்று சொல்லக் கூடாது இல்லையா, அதனால். ஆனால் அவள் அந்த ஊருக்கு அதன்பிறகு வரவே இல்லை.

அத்தை பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். கடைசிவரை எங்களோடுதான் இருந்தாள். மறுகல்யாணம் பேசியபோது வேண்டாம் என்றுவிட்டாள். எங்கள் பிள்ளைகளுக்கெல்லாம் அவள்தான் தலைக்கு ஊற்றினாள். மாங்கன்று என்ன ஆனது என்று அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. பெரியப்பா சாகும்முன் அத்தையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார். போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அத்தையும் போய்ச் சில வருஷம் ஆகிறது.

அந்த உரப் பையைப் பிரித்த மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு நான் மகாராஜபுரத்துக்குப் பஸ் ஏறினேன். மருமகளிடம் கோயிலுக்கு என்று சொன்னேன். மரம் இருக்குமா, தோப்பே இருக்குமா என்றுகூடத் தெரியாது. ஓடையோரம் கால்கள் தானாகப் போயின.

மரம் நின்றது. இரண்டு ஆள் சேர்ந்தாலும் கட்டிப் பிடிக்க முடியாத மரம். அடியில் சருகு முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. சுற்றிலும் கல் வைத்து ஒரு வரம்பு. என்னைப் பார்த்துவிட்டு ஒருவர் தோப்புக்குள்ளிருந்து வந்தார். தலை நரைக்கத் தொடங்கிய ஆள், மாமாவின் ஜாடை அப்படியே.

"யாரும்மா? செருப்பக் கழட்டிட்டு வாங்க. அதுமேல மிதிக்காதிய."

நான் பையைக் கீழே வைத்தேன். ஏன் மிதிக்கக் கூடாது என்று கேட்டேன்.

"எங்கம்மா இருந்த வரைக்கும் இங்க யாரையும் மிதிக்க விட்டதில்லம்மா. தோப்புச் சருகு பூராத்தையும் கூட்டி இது மூட்டுலதான் தட்டும். ஒரு எல எரிக்க விடாது. 'ஒங்க அக்கா படுத்திருக்காடா, அவளப் பெத்தவ மண்ணு சுமந்து கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்கா, நம்ம அதுமேல கொஞ்சமாச்சும் போட வேண்டாமா'ன்னு சொல்லும். இப்ப நான் செய்யுதேன்."

அத்தை இடத்துக்கு வந்தவள். அவள் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. அவள் இத்தனை காலம் அந்தச் சருகைக் கூட்டியிருக்கிறாள். இதைத் தெரிந்துகொள்ளாமலே அத்தை போய்விட்டாளே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. நான் யார் என்று சொன்னேன். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். பையை வாங்கித் தானே பிரித்து, வெதுவெதுப்பாக இருந்த உரத்தை வரம்புக்குள் சுற்றிலும் கொட்டினார். நானும் உட்கார்ந்து கையால் பரப்பினேன்.

"ஒண்ணு கேக்கணும்மா" என்றார். "அம்மாவுக்குத் தெரியல. அப்பாகிட்டக் கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு. எங்க அக்காவுக்கு என்ன பேரு வச்சிருந்தாக?"

என் கை மண்ணிலேயே நின்றுவிட்டது. எவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே பானையில் சாப்பிட்டோம்.

"தெரியலப்பா" என்றேன். "நாங்க ஒருத்தரும் கேக்கல."